ஒரே பெடலில் பல ஃபஸ் ஒலிகள்: சிலிக்கான் ஃபஸ் ஃபேஸைக் கட்டுவதும் கையாள்வதும்

மெல்லிய கரகரப்பு, தடித்து நீளும் ஒலி, மின்கலம் தீரும் நேரத்தில் வருவதுபோல் திக்கித் திணறும் ஒலி ஆகிய மூன்றும் தரக்கூடிய ஒரு ஃபஸ் பெடலை (ஒலியை வேண்டுமென்றே உருக்குலைக்கும் காலடிக் கருவி) கிட்டாருக்காக நீங்களே செய்ய விரும்புவதாகவும், எந்தச் சர்க்யூட்டை அடிப்படையாகக் கொள்வது, செய்து முடித்தபின் அதை எப்படிக் கையாள்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1966இல் லண்டனில் ஐவர் ஆர்பிட்டரின் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் பெடலின் சர்க்யூட்டை எடுத்து, அதன் சிலிக்கான் வடிவத்தைச் செய்து, கூடுதலாக மூன்றே கட்டுப்பாடுகளைச் சேருங்கள் என்பது என் பரிந்துரை. மூலச் சர்க்யூட்டில் இருப்பவை இரண்டு டிரான்சிஸ்டர்கள், நான்கு மின்தடையங்கள், மூன்று மின்தேக்கிகள், இரண்டு பாட்டுகள் (திருப்பித் தடையை மாற்றும் பொட்டென்ஷியோமீட்டர் குமிழ்கள்) மட்டுமே. இவ்வளவு சிறிய ஒன்றிலிருந்து இத்தனை வகை ஒலி எப்படி வரும் என்று தோன்றலாம். ஒலி உருக்குலைந்த பிறகு அதைத் திருத்த எத்தனை குமிழ்கள் வைத்தாலும் கிடைப்பது ஒரே ஃபஸ்ஸின் பல சாயல்களே. ஒலி உருக்குலையும் இடத்துக்குள் என்ன நுழைகிறது, அந்த இடம் எந்த மின்னழுத்தத்தில் நிற்கிறது என்ற இரண்டையும் மாற்றும்போதுதான் குணமே மாறுகிறது. இந்தச் சர்க்யூட் அதற்கு முழுமையாக இடம் தருகிறது.

ஃபஸ் பெடல்கள் இதற்கு முன்பே வந்துவிட்டன. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரின் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் மிக்ஸரின் ஒரு சேனல் பழுதாகிக் கிட்டார் ஒலி கிழிந்ததுபோல் பதிவானது. அந்தப் பழுதை வேண்டுமென்றே உண்டாக்கும் கருவியாக 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் வந்தது. 1965இல் இங்கிலாந்தில் கேரி ஹர்ஸ்ட் டோன் பெண்டரை உருவாக்கினார். ஃபஸ் ஃபேஸ் அந்த வரிசையில் அடுத்தது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் காலடியில் இருந்த வட்டப் பெட்டி என்பதால் அது புகழ்பெற்றது. செய்து பழகுபவருக்கு அதைவிட முக்கியமானது, அதன் ஒவ்வொரு உறுப்பும் என்ன வேலை செய்கிறது என்பதைக் காதாலேயே கேட்டு அறிய முடியும் என்பது.

டிரான்சிஸ்டருக்கு எமிட்டர், பேஸ், கலெக்டர் என மூன்று கால்கள். முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டர் நேரடியாக எர்த்தில், அதாவது சர்க்யூட்டின் பொதுச் சுழி முனையில், இருக்கிறது. அதன் கலெக்டருக்கு 33 கிலோ ஓம் தடையம் வழியாக 9 வோல்ட் வருகிறது. அந்தக் கலெக்டர், இடையில் மின்தேக்கி எதுவும் இல்லாமல், இரண்டாவது டிரான்சிஸ்டரின் பேஸ் முனையோடு இணைகிறது. இரண்டாவதின் எமிட்டர், ஃபஸ் என்று பெயரிட்ட 1 கிலோ ஓம் பாட் வழியாக எர்த்துக்குப் போகிறது. அதே எமிட்டரிலிருந்து 100 கிலோ ஓம் தடையம் ஒன்று முதல் டிரான்சிஸ்டரின் பேஸ் முனைக்குத் திரும்பி வந்து, இரண்டையும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும்படி கட்டிப்போடுகிறது. பாட்டின் நடுமுனையிலிருந்து 22 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி எர்த்துக்குச் செல்கிறது. ஃபஸ்ஸை முழுவதும் திருப்பும்போது எமிட்டரில் இருக்கும் ஒலிச் சைகை இந்த மின்தேக்கி வழியாக எர்த்துக்கு வடிந்துவிடுவதால், பின்னூட்டமாகத் திரும்பி வர எதுவும் மிஞ்சுவதில்லை. பெருக்கம் உச்சத்துக்குப் போகிறது. குறைக்கும்போது பின்னூட்டம் கூடி, பெருக்கம் தணிகிறது. இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 8.2 கிலோ ஓம் தடையமும் அதன் மேல் ஒரு சிறு தடையமும் வரிசையாக இருக்கின்றன. ஜெர்மேனியம் பெடல்களில் அந்தச் சிறு தடையம் 470 ஓம், சிலிக்கான் பெடல்களில் 330 ஓம். இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்துதான் வெளியீடு எடுக்கப்படுகிறது.

இந்தக் கடைசி விவரத்தில் மூலச் சர்க்யூட்டின் பெரிய குறை ஒளிந்திருக்கிறது. கலெக்டரில் 8 வோல்ட் அளவுக்கு ஊசலாட்டம் இருந்தாலும், 330 ஓமும் 8,200 ஓமும் பிரித்துக்கொள்வதால் வெளியே வருவது அதில் ஏறத்தாழ 26இல் 1 பங்கு, அதாவது 0.3 வோல்ட். சிலிக்கான் ஃபஸ் ஃபேஸை மிதித்தால் ஒலி கூடுவதற்குப் பதில் பின்வாங்குகிறது என்று பலர் முறையிடுவதற்குக் காரணம் இதுவே. அந்த 330 ஓமை 1 கிலோ ஓமாக மாற்றிவிடுங்கள். குணம் கெடாமல் ஒலியளவு தாராளமாகக் கூடும். இதைத் தயக்கமின்றி எல்லோருக்கும் சொல்வேன்.

டிரான்சிஸ்டர் தேர்வில்தான் விவாதங்கள் முடிவதே இல்லை. முதல் ஃபஸ் ஃபேஸ்களில் இருந்தவை என்கேடி275, ஏசி128 போன்ற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள். அவற்றின் ஒலி மென்மையானது, கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் அழகாகத் தெளிகிறது. அதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் ஜெர்மேனியத்தில் கசிவு மின்னோட்டம் வெப்பத்தோடு ஏறிக்கொண்டே போகும். சுமார் 10 டிகிரி கூடினால் கசிவு இரட்டிக்கும். குளிர்ந்த நாட்டில் ஓர் அறைக்குள் சரிசெய்த பெடல், சித்திரை மாதத்தில் சென்னையின் திறந்தவெளி மேடையொன்றில் விளக்குகளின் கீழே வேறு பெடலாகிவிடும். மேலும் பழைய சர்க்யூட்டுகள் பிஎன்பி வகை (மின்னோட்டம் எதிர்த்திசையில் ஓடும் டிரான்சிஸ்டர்கள்) என்பதால் அவற்றில் மின்கலத்தின் நேர்முனைதான் எர்த். மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் தொடுத்தால் குறுக்குச்சுற்று ஆகிவிடும். போதாக்குறைக்கு, ஜெர்மேனியம் என்ற பெயரில் விற்கப்படும் பழைய சரக்கில் கசிவு மிகுந்தவை ஏராளம். வாங்கியே தீர வேண்டுமென்றால் இப்படிச் சோதியுங்கள்: பேஸ் முனையை எதனோடும் இணைக்காமல், கலெக்டருக்கு 2.4 கிலோ ஓம் தடையம் வழியாக 9 வோல்ட் கொடுத்து, அந்தத் தடையத்தின் மேல் நிற்கும் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். 0.24 வோல்ட் என்றால் கசிவு 100 மைக்ரோ ஆம்பியர். அதைப்போல் மூன்று மடங்கைத் தாண்டியதை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

முதல் பெடலுக்குச் சிலிக்கானே போதும். ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும் பிசி547 இதற்குப் பொருத்தமானது, ஆனால் அதன் பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். ஏ வகையின் பெருக்க எண் 110 முதல் 220 வரை, பி வகையில் 200 முதல் 450 வரை, சி வகையில் 420 முதல் 800 வரை. பெருக்கம் கூடக்கூட ஃபஸ் கூடும் என்பது உண்மைதான். அதோடு இரைச்சலும், வானொலி நிலையம் உள்ளே நுழைவதும், காதைக் குத்தும் கூர்மையும் கூடும். சிலிக்கான் ஃபஸ் கரடுமுரடானது என்ற பெயர் பெரிதும் இந்த உயர்பெருக்க டிரான்சிஸ்டர்களால் வந்ததே என்பது என் கருத்து. ஏ வகையில் பத்துப் பன்னிரண்டு வாங்கி, மல்டிமீட்டரின் பெருக்க அளவுத் துளையில் செருகிப் பார்த்து, 120 அளவில் ஒன்றை முதலிடத்துக்கும் 180 அளவில் ஒன்றை இரண்டாமிடத்துக்கும் ஒதுக்குங்கள். முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் பேஸ் முனைக்கும் இடையில் 100 பிக்கோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்தால் வானொலித் தொல்லையும் உச்சக் கூர்மையும் ஒருசேரத் தணியும்.

இனி, சேர்க்க வேண்டிய மூன்று கட்டுப்பாடுகள். முதலாவது, உள்ளீட்டில் வரிசையாக வைக்கும் 50 கிலோ ஓம் பாட். இதன் பயன் புரிய வேண்டுமானால் இந்தச் சர்க்யூட்டின் உள்ளீட்டுத் தடையைப் பற்றி அறிய வேண்டும். ஆம்ப்ளிஃபையரின் உள்ளீடு பொதுவாக 10 லட்சம் ஓம் தடை காட்டும். ஃபஸ் ஃபேஸோ ஃபஸ் முழுவதும் திருப்பப்பட்ட நிலையில் பத்தாயிரம் முதல் சில பத்தாயிரம் ஓம் வரைதான் காட்டும், குறைத்தால் இன்னும் தாழும். ஆகவே தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் கிட்டாரின் பிக்கப் இதைச் சுமையாக உணர்கிறது. பிக்கப்பும் முதல் டிரான்சிஸ்டரும் ஒரே சர்க்யூட்டின் பகுதிகளாகிவிடுகின்றன. கிட்டாரின் வால்யூமைச் சிறிது குறைத்த மாத்திரத்தில் சில பத்தாயிரம் ஓம் தடை இடையில் புகுந்து, டிரான்சிஸ்டருக்குள் போகும் மின்னோட்டம் சடுதியில் குறைந்து, ஃபஸ் கரைந்து மணி போன்ற தெளிந்த ஒலி மிஞ்சுகிறது. உள்ளீட்டுப் பாட் இந்த வேலையைப் பெடலிலேயே செய்கிறது. கிட்டாருக்கும் ஃபஸ்ஸுக்கும் இடையில் வயர்லெஸ் கருவியோ, பஃபர் (சைகையை வலுவாக்கித் தரும் சிறு சர்க்யூட்) உள்ள டியூனரோ இருப்பவர்களுக்கு இது கட்டாயம் தேவை. ஏனென்றால் பஃபர் கொடுக்கும் வலுவான சைகையை நேரே வாங்கினால் ஃபஸ் ஃபேஸ் தகரத்தைக் கீறுவதுபோல் ஒலிக்கும்.

இரண்டாவது, உள்ளீட்டு மின்தேக்கியைத் தேர்ந்தெடுக்கும் மூன்று நிலைச் சுவிட்ச். மூலச் சர்க்யூட்டில் இருக்கும் 2.2 மைக்ரோ ஃபாரட், கிட்டாரின் கீழ்ச்சுருதி முழுவதையும் உள்ளே விடுகிறது. இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் பிக்கப்பில் இது சேறாகிப்போகும். பிக்கப்பின் தடையையும் சர்க்யூட்டின் தடையையும் சேர்த்து 20 கிலோ ஓம் என்று கொண்டால், 22 நானோ ஃபாரட் மின்தேக்கி சுமார் 360 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியைக் குறைக்கத் தொடங்கும். அதோடு 100 நானோ ஃபாரட்டை இணையாகச் சேர்த்தால் அந்த எல்லை 65 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்வதால், இரண்டாவது நிலை கிட்டாரின் முழு வீச்சையும் அளவோடு தரும், முதல் நிலை மெல்லிய, மூக்கால் பாடும் பழைய ஃபஸ்ஸைத் தரும். 22 நானோவை நிரந்தரமாகப் பற்றவைத்துவிட்டு, சுவிட்ச்சின் ஒரு பக்கத்தில் 100 நானோவையும் மறுபக்கத்தில் 2.2 மைக்ரோவையும் வையுங்கள். நடுநிலை எதையும் சேர்க்காது. மாற்றும்போது டப்பென்ற ஓசை எழாமலிருக்க, சுவிட்ச்சின் நடுமுனைக்கும் ஒவ்வொரு பக்க முனைக்கும் குறுக்கே 2.2 மெகா ஓம் தடையம் ஒன்று போடுங்கள். இங்கு ஒரு நுட்பம் உண்டு: உள்ளீட்டுப் பாட்டைத் திருப்பித் தடையைக் கூட்டும்போது, இதே மின்தேக்கியின் எல்லை தாழ்ந்து கீழ்ச்சுருதி சற்றுக் கூடும். எனவே இவ்விரண்டு கட்டுப்பாடுகளையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவதுதான் குணத்தை அடியோடு மாற்றுவது. இரண்டாவது டிரான்சிஸ்டரின் 8.2 கிலோ ஓம் தடையத்துக்குப் பதிலாக, 2.2 கிலோ ஓம் நிலைத் தடையத்தையும் 10 கிலோ ஓம் பாட்டையும் வரிசையாக வையுங்கள். சிலிக்கானில் இந்த டிரான்சிஸ்டர் வழியாக ஏறத்தாழ 0.75 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. மூலச் சர்க்யூட்டின் தடைகளோடு கணக்கிட்டால் கலெக்டர் 2.6 வோல்ட்டில் நிற்கும். மேலே சொன்ன 1 கிலோ ஓமையும் சேர்த்து மொத்தத் தடை 6 கிலோ ஓம் ஆகும்படி பாட்டை வைத்தால் கலெக்டர் 4.5 வோல்ட்டுக்கு வரும். அலையின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஏறக்குறையச் சமமாக வெட்டுப்படும் நிலை அது. நிறைவான, நீண்டு ஒலிக்கும் ஃபஸ் அங்கே இருக்கிறது. தடையைக் கூட்டிக்கொண்டே போனால் மின்னழுத்தம் தாழ்ந்து, ஒரு கட்டத்தில் டிரான்சிஸ்டர் ஓய்வு நிலையிலேயே முழுக்கடத்தலில் சிக்கிக்கொள்ளும். அப்போது வலுவான மீட்டல் மட்டுமே அதை அங்கிருந்து இழுத்து வெளியே கொண்டுவரும். ஒலி தேயத் தொடங்கியதும் கத்தரித்ததுபோல் நின்றுவிடும். ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே முழு மௌனம் விழும் அந்தத் திக்கும் ஒலிக்காகவே சிலர் தனிப் பெடல் வாங்குகிறார்கள்.

இவற்றுக்கு மேல் டோன் கட்டுப்பாடு வேண்டுமா என்று கேட்டால், எளிய ஒன்றை மட்டும் ஏற்பேன். வெளியீட்டு மின்தேக்கியை 10 நானோவிலிருந்து 100 நானோ ஃபாரட்டாக மாற்றி, அதன்பின் 4.7 கிலோ ஓம் தடையத்தை வரிசையில் வைத்து, அங்கிருந்து 22 நானோ ஃபாரட்டும் 25 கிலோ ஓம் பாட்டும் வழியாக எர்த்துக்கு ஒரு கிளை கொடுத்தால், முழுவதும் திருப்பிய நிலையில் 1.3 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் கூர்மை தணியும். அதன்பின் 100 கிலோ ஓம் வால்யூம் பாட். 1969இல் வந்த பிக் மஃப் பெடலின் டோன் பகுதியை இங்கே ஒட்டவைக்க முயல்பவர்கள் உண்டு. அது ஒலியளவைப் பெரிதும் விழுங்குவதால், ஈடுசெய்ய மூன்றாவது டிரான்சிஸ்டர் தேவைப்படும். அந்த ஒலிதான் வேண்டுமென்றால் பிக் மஃப்பையே செய்துவிடலாம்.

கட்டும் வேலையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெரோ போர்டு (செம்புப் பட்டைகள் கொண்ட துளைப்பலகை) போதும். டிரான்சிஸ்டர்களை நேரடியாகப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் செருகினால் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். தட்டைப் பக்கம் உங்களை நோக்கி இருக்கும்போது பிசி547இன் கால்கள் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904இல் இது அப்படியே தலைகீழ் என்பதால் ஒன்றின் வரைபடத்தைப் பார்த்து மற்றொன்றைச் செருகிவிட வேண்டாம். 2.2 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் வகையாக இருந்தால் அதன் நேர்முனை டிரான்சிஸ்டரின் பக்கம் இருக்க வேண்டும், ஏனெனில் அங்கே 0.6 வோல்ட் நிற்கிறது. உள்ளீட்டு ஜாக்கிலிருந்து எர்த்துக்கு 1 மெகா ஓம் தடையம் ஒன்று வையுங்கள். உள்ளீட்டுக்கு ஸ்டீரியோ ஜாக் போட்டு, மின்கலத்தின் எதிர்முனையை அதன் நடு வளையத்தில் இணைத்தால், கேபிளைப் பிடுங்கியதும் மின்கலம் துண்டிக்கப்படும். மொத்தச் சர்க்யூட்டும் 1 மில்லி ஆம்பியர்தான் உண்கிறது. காட்டி விளக்குக்கு 4.7 கிலோ ஓம் தடையம் போட்டால், அந்த ஒரு விளக்கே சர்க்யூட்டைவிட அதிகம் உண்ணும். பெட்டிக்கு 125பி அளவுள்ள வார்ப்பு அலுமினியம் சரியாக இருக்கும். பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம், உயர்பெருக்கச் சர்க்யூட்டுக்கு உலோக உறை இல்லாவிட்டால் வீட்டின் மின்கம்பி ஓசை முழுவதும் உள்ளே வரும்.

பெட்டிக்குள் போடுமுன் மல்டிமீட்டரை எடுங்கள். முதல் டிரான்சிஸ்டரின் பேஸ் முனையில் 0.6 வோல்ட், அதன் கலெக்டரில் 1.2 முதல் 1.4 வோல்ட், இரண்டாவதின் எமிட்டரில் 0.6 முதல் 0.8 வோல்ட் இருக்க வேண்டும். இரண்டாவதின் கலெக்டர் 9 வோல்ட்டிலேயே நின்றால் அது கடத்தவில்லை என்று பொருள். கால்கள் மாறியிருக்கும், அல்லது ஃபஸ் பாட்டின் எர்த் இணைப்பு விட்டுப்போயிருக்கும்.

பயன்படுத்தும்போது முதல் விதி, ஃபஸ் கிட்டாருக்கு அடுத்தபடியாக இருக்க வேண்டும் என்பது. காலால் அசைத்து ஒலியை ‘வா-வா’ என்று மாற்றும் வா பெடலை முன்னால் வைத்தால், ஃபஸ்ஸின் தாழ்ந்த உள்ளீட்டுத் தடை வாவின் வீச்சை அமுக்கிவிடும். சில இணைகள் ஊளையிடவும் செய்யும். ஹெண்ட்ரிக்ஸ் வாவை முன்னால்தான் வைத்திருந்தார் என்று எவரேனும் சுட்டிக்காட்டுவார்கள், அது உண்மையே. ஆனால் அந்த வரிசையைப் பிடிவாதமாகக் காப்பாற்றுவதைவிட, வாவைப் பின்னால் வைத்து ஃபஸ்ஸின் செறிந்த மேற்சுரங்களை அது வடிகட்டுவதைக் கேட்பது பெரும்பாலோருக்குப் பிடிக்கும்.

ஃபஸ் குமிழை முழுவதும் திருப்பி, அங்கிருந்து இம்மியளவு மட்டும் பின்வாங்கி விட்டுவிடுங்கள். பாதியில் வைத்த ஃபஸ் ஃபேஸ் எனக்கு எப்போதும் அரைகுறையாகவே கேட்டிருக்கிறது. மற்றதைக் கிட்டாரின் வால்யூமால் செய்யுங்கள்: பத்தில் தனி வாசிப்பு, ஏழில் கரகரப்பான தாளக்கட்டு, நான்கில் ஏறக்குறையத் தெளிந்த ஒலி. ஆம்ப்ளிஃபையரை முற்றிலும் தெளிவான நிலையில் வைத்தால் ஃபஸ் ஈக்கூட்டம்போல் தனியே மிதக்கும். ஆம்ப்ளிஃபையரின் ஒலியே உடையத் தொடங்கும் விளிம்பில் வைத்தால் அதன் வெட்டு ஃபஸ்ஸின் முனைகளை மழுக்கி உடல் கொடுக்கும். அது முடியாத இடத்தில் ஃபஸ்ஸுக்குப் பின்னால் குறைந்த அளவில் ஓர் ஓவர்டிரைவ் பெடலை வையுங்கள். நடுச்சுருதிகளை அது மீட்டுத் தருவதால், டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேரும்போது உங்கள் ஒலி காணாமல் போகாது. வீட்டில் தனியாக வாசித்து அமைத்த குமிழ் நிலைகள் மேடையில் அநேகமாக எப்போதும் கீழ்ச்சுருதி மிகுந்ததாகவே இருக்கும், 2.2 மைக்ரோவிலிருந்து 100 நானோவுக்கு மாற்றினால் போதும்.

கார்டுகளில் (பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டுவதில்) எச்சரிக்கை தேவை. இரண்டு ஸ்வரங்கள் ஒரே வெட்டுக்குள் போகும்போது அவற்றின் அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும் புதிய ஒலிகளாகப் பிறக்கின்றன. ஸட்ஜமும் பஞ்சமமும் 2க்கு 3 என்ற விகிதத்தில் இருப்பதால், அவற்றின் வேறுபாடு ஸட்ஜமத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே சரியாக விழுந்து ஒலியைத் தடிப்பாக்குகிறது; ராக் இசையில் பவர் கார்டு நிலைத்துப்போனதன் இயற்பியல் காரணம் இது. காந்தாரத்தைச் சேர்த்தால், ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாக்கும் கிட்டாரின் பகுப்பில் அது தூய விகிதத்திலிருந்து விலகியிருப்பதால், பிறக்கும் ஒலிகள் எதனோடும் ஒட்டாமல் உறுமும். முழுக் கார்டு வேண்டுமானால் கிட்டாரின் வால்யூமை ஐந்துக்குக் கீழே இறக்கிவிட்டு வாசியுங்கள்.

பேஸ் கிட்டாருக்கும் இதே பெடலைப் பயன்படுத்தலாமா என்றால், தெளிந்த ஒலியைக் கலக்கும் வசதி இல்லாமல் வேண்டாம் என்பேன். உள்ளீட்டிலிருந்து ஒரு ஜேஃபெட் (மற்றொரு வகை டிரான்சிஸ்டர்) பஃபர் வழியாகத் தெளிந்த ஒலியைப் பிரித்தெடுத்து வெளியீட்டில் கலக்கலாம். இரண்டு டிரான்சிஸ்டர்களும் சைகையை இருமுறை தலைகீழாக்கி மீண்டும் நேராக்கிவிடுவதால், இரு ஒலிகளும் ஒன்றையொன்று அழிக்காமல் சேரும். ஆனால் ஃபஸ்ஸின் தாழ்ந்த தடை பிக்கப்பை அமுக்கிவைத்திருப்பதால், பிரித்தெடுத்த அந்தத் தெளிந்த ஒலியும் மந்தமாகவே இருக்கும். அதைத் தவிர்க்க, பஃபரை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்து, அதன் பிறகு பிரித்து, ஃபஸ்ஸுக்குப் போகும் கிளையில் மட்டும் உள்ளீட்டுப் பாட்டை நடுவளவுக்குத் திருப்பிவைக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் வால்யூமைக் குறைத்தால் தெளியும் பழைய குணம் பெரும்பகுதி போய்விடும். பேஸ் கிட்டாரில் அதை நாடுபவர்கள் குறைவு என்பதால் அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளலாம், கிட்டாருக்கு என்றால் நான் ஏற்கமாட்டேன்.